கம்ப்யூட்டருக்கு வாய்தா

வாய்தா வாங்கிப் பிழைத்தவன் நான். நாகர்கோவிலில் ஒரு சிவில் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். சாட்சிக்குக் காய்ச்சல், நகல் இன்னும் கைக்கு வரவில்லை, சீனியர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வேறொரு வழக்கில் நிற்கிறார், கட்சிக்காரர் வீட்டில் துஷ்டி. எந்தக் கட்டுக்கு எந்தக் காரணம் பொருந்தும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். ஜூனியர் கையில் மனுவைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, அடுத்த தேதியை டைரியில் குறித்துக்கொண்டு டீக்கடைக்கு நடையைக் கட்டுவேன். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 17ஆம் கட்டளை என்று ஒன்று உண்டு. விசாரணையில் இருக்கும் வழக்கில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று 2002 முதல் அதில் இருக்கிறது. அது வந்தபோது எங்கள் ஆபீஸே கொஞ்சம் கலங்கித்தான் போயிற்று. பிறகு 2005இல், சேலம் வக்கீல் சங்கம் போட்ட வழக்கில், கட்சிக்காரரின் கைமீறிய காரணம் இருந்தால் மூன்றைத் தாண்டலாம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் சொல்லிவிட்டது. சேலத்துக்காரர்கள் நன்றாக இருக்கட்டும். கைமீறிய காரணங்களைத் தயார்செய்து கொடுப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

வக்கீல் ஐயா காலமான பிறகு வடசேரியில் என் வீட்டு முன்னறையிலேயே ஒரு மேஜை போட்டுக்கொண்டேன். பட்டாப் பெயர் மாற்றத்துக்கு மனு, ஒற்றி மீட்ட ரசீது, பக்கத்து வீட்டு மா மரத்தின் கிளை பற்றி ஒரு புகார் என்று ஏதாவது வந்துகொண்டிருக்கும். மேஜைமேல் 2014இல் வாங்கிய கம்ப்யூட்டர். என் தொழில் தேர்ச்சி முழுவதையும் கடைசியில் அதனிடம்தான் காட்டினேன், அதனிடம்தான் தோற்றேன்.

வாங்கும்போது அதில் விண்டோஸ் 7 இருந்தது. 2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வந்தது. ஒரு வருஷம் வரைக்கும் இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்றார்கள். திரையின் வலது மூலையில் ஒரு சின்னச் சன்னல் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவில், ஐயோவா மாநிலத் தொலைக்காட்சி ஒன்றில் ஓர் அம்மா நேரலையில் வானிலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை மேகங்களுக்கு நடுவில் இந்த அழைப்பு முளைத்ததாம். 2016 மே மாதம் விஷயம் முற்றிவிட்டது. ஏற்கெனவே தேதி குறிக்கப்பட்டிருந்தால், பெட்டியின் பெருக்கல் குறியை அமுக்கி மூடினாலும் அந்தத் தேதி ரத்தாகாது. ஊரெல்லாம் கூச்சல் கிளம்பியபின் மைக்ரோசாஃப்ட் அதை மாற்றியது. கலிபோர்னியாவில் ஒரு பயண முகவர் அம்மா, தான் கேட்காமலே மாறிய கம்ப்யூட்டரால் தொழில் கெட்டது என்று சிறு வழக்கு மன்றத்துக்குப் போய் 10,000 டாலர் வாங்கிவிட்டார். நாங்கள் தவறு செய்யவில்லை, வழக்குச் செலவை மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லிக் கம்பெனி மேல்முறையீட்டைக் கைவிட்டது. செய்தி கிடைத்த அன்று நான் அதைத் தீர்ப்பு வாசிப்பதுபோல வாசித்தேன். பதில் சொல்லாமல் இருப்பது சம்மதம் ஆகாது என்பது 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டக் காலத்திலிருந்து நாங்கள் படிக்கும் பால பாடம்.

அந்தச் சூட்டோடு, என் கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்னைக் கேட்காமல் மாறிவிட்டது என்று டீக்கடையில் சொன்னேன். பார் அசோசியேஷன் வராந்தாவில் சொன்னேன். சம்பந்தி வீட்டில்கூடச் சொன்னேன். அமெரிக்காவில் இருந்தால் எனக்கும் 10,000 டாலர் கிடைத்திருக்கும் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நடந்தது வேறு. ஒரு நாள் ராத்திரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏதோ ஆன்டிவைரஸ்தான் கேட்கிறது என்று நினைத்து ‘சரி’யை நானே அமுக்கினேன். முகத்துக்கு நேரே இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் அமுக்கினேன். சாட்சி யாரும் இல்லாததால் இதுவரை வெளியே வரவில்லை.

விண்டோஸ் 10 பழகிப்போய், அதுவே என் பிறவி உறுப்பு மாதிரி ஆன பிறகு அடுத்த சம்மன் வந்தது. இந்தத் தடவை மூலையில் உட்கார்வதெல்லாம் இல்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரை முழுக்க ஒரு நீல அறிவிப்பு: 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிகிறது; உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. கீழே ‘பிறகு நினைவூட்டு’. அந்தப் பொத்தானைக் கண்டதும் எனக்குப் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் இருந்தது. கேட்ட இடத்தில் வாய்தா! மனு வேண்டாம், கோர்ட் பீஸ் வேண்டாம், ஜூனியருக்கு வடை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

தகுதி பெறவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அக்கா மகனிடம் கேட்டேன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமைக்கு வருவான். நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இல் வந்தபோதே அக்கா தங்கை மகனுக்குச் சொத்து போகும் மருமக்கள் வழிச் சொத்துரிமை தீர்ந்து போயிற்று. என் வீட்டில் மட்டும் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட சகல அதிகாரமும் இன்னும் மருமகனிடம்தான் இருக்கிறது.

“மாமா, இதுல பதினொண்ணு ஏறாது.”

“ஏன் மக்கா, மெமரி கொறவா?”

“மெமரி 4 ஜிபி இருக்கு, அது போதும். டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சிப்பு வேணும், அது இல்ல. இன்டெல் பிராசஸர் எட்டாம் தலமுறயாட்டு இருக்கணும். ஒங்களுக்க நாலாம் தலமுற.”

நாலு தலைமுறை வித்தியாசத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. சாவிகளையும் கடவுச்சொற்களையும் மற்ற புரோகிராம்கள் தொட முடியாத இடத்தில் பூட்டி வைக்கிற சிப்பு அது என்று பொறுமையாக விளக்கினான். காரணம் நியாயமாகத்தான் இருந்தது. வருத்தமும் அதுதான். எதிர்தரப்பு மனு பலமாக இருக்கும்போது வாய்தா வாங்குபவனுக்குக் கை நடுங்கும்.

ஆகவே கொள்கையில் இறங்கினேன். வருகிறவர்கள் திரையைப் பார்த்து “இதென்ன எளவு?” என்று கேட்டால், நன்றாக ஓடுகிற ஒரு மெஷினைக் குப்பையில் போடுவது பாவம் என்பேன். உலகம் பூராவும் இப்படிக் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர் குப்பைக்குப் போனால் பூமி தாங்குமா என்பேன். விதை நெல்லைப் பத்தாயத்தில் காத்து வைத்த ஊர்க்காரன் நான் என்று ஒரு போடு போடுவேன். இதில் கடைசி வாக்கியத்துக்கு நல்ல வரவேற்பு இருந்ததால் அடிக்கடி பயன்படுத்தினேன். எங்கள் குடும்பத்துக்குப் பத்தாயமும் கிடையாது, அதில் போட நெல்லும் கிடையாது. அப்பா கோட்டாற்றில் ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதினார்.

கொள்கை எடுபடாத ஆட்களுக்கு ஃபான்ட் பிரச்சினை வைத்திருந்தேன். இது கொஞ்சம் கனமான காரணம். என் மனுக்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்திய பழைய ஃபான்டில் அடித்தவை. அந்தக் காலத்து ஃபான்ட்களில் தமிழ் எழுத்துக்குத் தனி இடம் கிடையாது. ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் நம் எழுத்துகளின் படத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வரிசையில் ஏற்றியிருக்கும். அதே ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், தாசில்தார் சமூகத்துக்கு எழுதிய மனு புள்ளியும் கொம்பும் வைத்த அந்நிய எழுத்தாகச் சிதறிக் கிடக்கும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் ரெமிங்டன் டைப்ரைட்டரில் ஹையர் பாஸ் செய்த என் விரல்களுக்கு யாரும் அரசாணை அனுப்பவில்லை. புது மெஷின் வாங்கினால் என் வாழ்நாள் உழைப்பு பூராவும் குப்பையாகிவிடும் என்று சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும்.

மருமகன் ஒரு பென் டிரைவைச் செருகினான். என் ஃபான்ட் கோப்பை அதில் இழுத்துப் போட்டு, தன்னுடைய விண்டோஸ் 11 லேப்டாப்பில் பதிந்தான். என் பழைய மனு ஒன்றைத் திறந்தான். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓர் எழுத்து பிசகாமல் திறந்தது. ‘மேற்படி சொத்துகள்’ என்பதில் நான் எப்போதும் விடும் பிழைகூட அப்படியே இருந்தது. பூராவையும் யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் என்று ஒன்று வெகுகாலமாகவே இருக்கிறது என்று வேறு சொன்னான். பழைய ஃபான்ட் புது மெஷினில் ஓடாது என்று எனக்கு யார் சொன்னது என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டதுதான். பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது சத்தியப் பிரமாணத்தின் கனத்தை அடைந்திருந்தது.

“எழுத்து கொஞ்சம் மெலிசாட்டு தெரியுகு மக்கா,” என்றேன். என் வாயிலிருந்து வேறு என்ன வரும்?

வீட்டுக்காரி இதையெல்லாம் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அது பாவம், தெனமும் வாய் தொறந்து கேக்குல்லா. ஒண்ணு ஆமான்னு சொல்லுங்க, இல்லேன்னா வேண்டாம்னு சொல்லுங்க. எதுக்கு இப்படி இழுத்தடிக்கணும்?” என்றாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் விஷயத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் மறுமொழி தாக்கல் செய்யவில்லை.

2025 அக்டோபர் 14 வந்தது. கொல்லம் ஆண்டு 1201 புரட்டாசி மாதம், தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். இந்த மாதிரி தேதிகளை எப்படிப் பிடிக்கிறார்களோ தெரியாது. விண்டோஸ் 7இன் ஆதரவு முடிந்த 2020 ஜனவரி 14 அன்று சரியாகப் போகிப் பண்டிகை. காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன். கறுத்துப்போகும், பூட்டிக்கொள்ளும், குறைந்தபட்சம் ஒரு சத்தம் வரும். ஒன்றும் இல்லை. மெதுவாக, வழக்கம்போல, பேன் இரைந்துகொண்டு திறந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட தலைக்கனம் சொல்லி மாளாது. எக்ஸ்பார்ட்டியாக ஒருதலைத் தீர்ப்பு ஆகும் என்று பயந்த வழக்கில் எதிர்தரப்பே வராமல் போனதுபோல டீக்கடையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தீபாவளிக்கு வந்த மருமகன் அந்தத் தலைக்கனத்தை இறக்கினான். ஆதரவு முடிவது என்றால் ஓடாமல் போவது அல்ல, கண்டுபிடிக்கிற ஓட்டைகளை இனி அடைக்க மாட்டார்கள் என்பதுதான். 2017 மே 12 தெரியுமா என்றான். அன்றைக்குத்தான் ‘வான்னாக்ரை’ கிளம்பியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயினாகக் கொடு என்று கேட்ட நிரல். 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கு மேல் கம்ப்யூட்டர்கள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. கேரளத்தில் வயநாட்டுப் பக்கம் ஒரு பஞ்சாயத்து அலுவலகம் அகப்பட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டார்கள்.

“ரெண்டு மாசம் முன்னாலயே மருந்து வந்தாச்சு மாமா. பொறவு போடலாம், பொறவு போடலாம்னு இருந்தவங்கதான் மாட்டுனாங்க.”

பஞ்சாயத்து ஆபீஸ் என்றதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. என் கம்ப்யூட்டரில் யார் யார் வீட்டுப் பாகப்பிரிவினை எல்லாம் கிடக்கிறது! அண்ணன் தம்பிகள் ஒருவருக்கொருவர் காட்டாத காகிதங்கள் அவை. அதுவரை ஆபத்தை நான் என் தலைக்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன். “என்ன செய்யணும் மக்கா?” என்று நானாகக் கேட்டது அப்போதுதான்.

அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விண்டோஸ் 10க்கே ஒரு வருஷ நீட்டிப்பு இருக்கிறதாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவார்கள். 30 டாலர் கட்டலாம். இல்லாவிட்டால் அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 கொடுக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் கணக்கில் நுழைந்து நம் அமைப்புகளை அவர்களுடைய சர்வரில் பேக்கப் எடுத்தால் சும்மாவே கிடைக்கும். அதாவது காஸ்ட் இல்லாமல் வாய்தா. இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமல் இப்படி ஒரு பிரிவு சட்டத்தில் இருந்திருக்கிறது!

மனுவைப் போட்டோம். திரும்பி வந்துவிட்டது. நீட்டிப்பு வேண்டுமானால் கம்ப்யூட்டரில் 22எச்2 என்ற பதிப்பு இருக்க வேண்டும். அது 2022 அக்டோபரில் வந்தது. என்னுடையது அதற்கு முந்தியது. எப்படி என்று மருமகன் நோண்டிப் பார்த்தான். அப்டேட்டை 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு, அதை நான் தவறாமல் பயன்படுத்தியிருந்தேன். இணைப்பை அளவுக் கட்டண இணைப்பு என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட் தானாக இறங்காது, அதையும் குறித்து வைத்திருந்தேன். கூடவே ‘இரவில் மறுதொடக்கம் செய்யட்டுமா’ என்று கேட்டதற்கெல்லாம் ராத்திரி பிளக்கைப் பிடுங்கிப் பதில் சொல்லியிருந்தேன். வாய்தா வாங்க வந்தவன் முதலில் பழைய நிலுவை பூராவையும் கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்த மாதிரி ஓர் உத்தரவை நான் கோர்ட்டில்கூடப் பார்த்ததில்லை.

நிலுவை கட்ட நான் தேர்ந்தெடுத்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருமகன் ஊருக்குப் போனபின், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்க என்று அவன் எழுதி வைத்த தாளை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் அமுக்கினேன். வெளியே வடகிழக்குப் பருவமழை. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, மாற்றுவதாக இருக்கிறேன். அப்டேட் முப்பது சதவீதத்தைத் தாண்டி, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று எழுதிக்கொண்டு நிற்கும்போது தேரூரிலிருந்து ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு ஏறி வந்தார். அன்று மதியத்துக்குள் தாசில்தார் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும்.

“என்ன வே குமாஸ்தா, மிஷினு ஒறங்குதா?”

“இல்ல அண்ணாச்சி, இப்பம் வந்திரும்.”

இப்பம் வரவில்லை. சதவீதம் நகராமல் நின்றது. வானம் ஒரு தடவை வெட்டியது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் மேலே பார்த்துக் கும்பிட்டதைப் பெரியவர் தனக்காகக் கும்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, “அவசரம் ஒண்ணும் இல்ல வே” என்றார். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கையால் எழுதினேன். குமாஸ்தா வேலைக்கு என்னைச் சேர்த்ததே கையெழுத்து பார்த்துத்தான். நாலு வரியில் கை வலித்தது. ஆறாவது வரியில் சர்வே எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்து, பிறகு அந்தத் தாளையே கசக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். பெரியவர் வாங்கி எட்டப் பிடித்து வாசித்தார். “ஒமக்கு எழுத்து மறந்து போச்சு வே,” என்றார். காசு கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் தெருமுனை திரும்பும்போது கம்ப்யூட்டர் வேலையை முடித்து வெல்கம் சொன்னது.

அடுத்தது கணக்கில் நுழைய வேண்டும். கடவுச்சொல் எனக்கு ஞாபகம் இல்லை. மறந்துவிட்டால் குறியீடு அனுப்புவதற்கு நான் கொடுத்திருந்த போன் நம்பர் இப்போது யாரிடமோ இருக்கிறது; எடுத்தவர் மலையாளத்தில் கொஞ்சம் சூடாகப் பேசினார். இன்னொரு வழியாகக் கொடுத்திருந்தது வக்கீல் ஐயாவின் மின்னஞ்சல். அவரிடமிருந்து இனி நகல் எதுவும் கிடைக்க வழியில்லை. சனிக்கிழமை மருமகன் வந்து புதுக் கணக்கு திறந்தான். பிறந்த தேதி கேட்டது. பள்ளிக்கூடத்தில் கொடுத்ததா, ஜாதகத்தில் இருப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பதற்குள் அவனே ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டான். பதிவு ஆகிவிட்டது என்று திரை சொன்னது. டைரியைத் திறந்து, பழைய பழக்கத்தில், 13.10.2026 என்று குறித்துப் பக்கத்தில் ‘மேல் நடவடிக்கைக்காக’ என்று எழுதினேன். மருமகன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

அவனுக்கு ஒரு யோசனை இருக்கிறது. இந்த மெஷினிலேயே லினக்ஸ் போட்டுவிட்டால் டிபிஎம் தொல்லையும் இல்லை, வருஷா வருஷம் நீட்டிப்பும் வேண்டாம் என்கிறான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் லினக்ஸில்தான் படிக்கிறார்கள் மாமா, உங்களால் முடியாதா என்கிறான். நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸ் 7க்குப் பக்கத்திலேயே சிடாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. என் மகளுக்குக் கிடைத்தது இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைத் திறக்கும்போது எது வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்கும். பத்து விநாடிக்குள் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவே ஒன்றில் போய்விடும். எனக்கு வாய்த்த மெஷின்களிலேயே என்னைச் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

லினக்ஸுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. அவனுடைய வாதத்தில் ஓட்டை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபான்டும் அதில் வேலை செய்யுமாம், பிரிண்டரும் எடுக்குமாம். எப்போது போடலாம் என்று நாள் கேட்டான். மார்கழியில் புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாதே, தை பிறக்கட்டும் என்றேன்.

“எந்த வருஷத் தை மாமா?” என்று கேட்கிறான்.